புதுக் காரின் அநாமதேய உறுப்புகள்

புதிதாக வாங்கிய காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளையார் கோயிலை வலம்வந்து வீடு சேர்ந்தபின், அடுத்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் எந்த உரிமையாளரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அது, வண்டியின் அறைகளையும் உறைகளையும் டிக்கியின் கம்பளத்துக்கு அடியிலுள்ள பள்ளங்களையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்ப்பதே. அந்தச் சோதனையில் ஜாக்கியும் வீல் ஸ்பானரும் ஸ்டெப்னியும் பழகிய முகங்களாகத் தென்பட்டு மனத்துக்கு நிறைவளிக்க, அவற்றின் நடுவே பெயரும் தெரியாது பிரயோஜனமும் தெரியாது கிடக்கும் வேறு சில பொருள்கள் அந்த நிறைவைக் குலைத்துவிடுகின்றன: ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் மரையும் கொண்ட தடித்த இரும்புக் கம்பி, உட்புறம் பூவிதழ்போல் விசித்திரமாகக் குடைந்த சிறு எஃகுக் குப்பி, இருபுறமும் திறந்த பிளாஸ்டிக் கூடுகள் இரண்டு, எண் மட்டுமே பொறித்த அலுமினியத் தகடு, சாமணம் போன்ற ஏதோ ஒன்று, இவை போதாவென்று, முன் இருக்கையின் கீழிருந்து கைக்கு அகப்படும் ஒற்றைக் கறுப்பு கிளிப்.

இவற்றைக் கண்டவர்கள் பெரும்பாலும் இரு வகையாகவே நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார், தொழிற்சாலையில் எவனோ மறந்துபோட்டது என்று முடிவுகட்டிக் குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், பொருந்தும்போலத் தோன்றும் முதல் துவாரத்தில் அதைத் திணித்துவிட்டு, காணாமற்போன குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பித்தவர்போல் திருப்தியடைகிறார்கள். முதல் சாராரில் சிலர் பிற்காலத்தில் நடுநெடுஞ்சாலையில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வகையின்றி நிற்பதும், இரண்டாம் சாராரில் சிலர் நல்லதோர் உறுப்பையும் அது நுழைந்த துவாரத்தையும் ஒருங்கே பாழாக்கிக்கொள்வதும் வழக்கம். கையேட்டைப் பார்த்தால் ஆயிற்றே என்று கேட்கலாம். ஆனால் கையேடோ, பெயர் தெரிந்தவனுக்கு மட்டுமே வழிகாட்டும் இயல்புடையது. பெயர் தெரியாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியை எந்த எழுத்தில் திறப்பது?

ஒரு காரில், மிகச் சிறிய திருகாணிவரை எண்ணினால், ஏறத்தாழ 30,000 உறுப்புகள் இருப்பதாக டொயோட்டா நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அத்தொகையில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுவது வீண் வேலை. ஆகையால் முதலில் எழுப்பவேண்டிய வினா, "இது என்ன?" என்பதன்று, "இது வண்டியோடு பிணைந்திருக்கப் படைக்கப்பட்டதா, பிணைப்பின்றிக் கிடப்பதற்கென்றே படைக்கப்பட்டதா, அல்லது வண்டி என் கைக்கு வருமுன்னரே அகற்றப்பட்டிருக்க வேண்டியதா?" என்பதே. இம்மூன்றில் எது என்று தெளிந்துவிட்டால் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தெளியாதவரை அதை எறியவும் கூடாது, எங்கும் பொருத்தவும் கூடாது.

இத்தகைய தெளிவைத் தரும் தர்க்கமுறை ஒன்றை நம் நாட்டுத் தத்துவவாதிகள் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்து, அருத்தாபத்தி என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் எண்ணப்படும் பிரமாணங்களுள் அதுவும் ஒன்று. பகற்பொழுதில் உணவைத் தொடாத தேவதத்தன் உடல் பருத்தே இருக்கிறான் என்றால், அவன் இரவில் உண்கிறான் என்று கொண்டாலன்றி அந்த இரண்டு உண்மைகளும் ஒத்துவாரா. அவ்வாறே, வளையம் உள்ள கம்பியின் மறுமுனையில் மரை இருக்கிறதென்றால், அம்மரையை ஏற்கும் துவாரம் வண்டியில் எங்கோ இருந்தே தீரவேண்டும். அந்த மரை கட்டைவிரல் பருமன் உடையதென்றால், அது தாங்கப்போவது அலங்காரத் தகட்டின் கனத்தை அன்று, வண்டியின் கனத்தையே. வளையத்தில் பூச்சு உரசிய தடம் ஏதும் இல்லையென்றால், அது இதுவரை எங்கும் மாட்டப்படவில்லை. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்கு, அவசரகாலத்தில் மட்டும் வண்டியில் முடுக்கிப் பிறிதொரு வாகனத்தால் இழுக்கச் செய்யும் இழுவை வளையம் அது என்பது, பட்டறையில் அதை டோயிங் ஹூக் என்பார்கள் என்று தெரியாமலேயே விளங்கிவிடும்.

முன்காலத்துக் கார்களில் இக்கொக்கி வண்டியின் சட்டத்தோடு நிரந்தரமாகவே இணைக்கப்பட்டிருந்தது. பம்பர் முழுவதும் பிளாஸ்டிக் போர்வையால் மூடப்பட்டபின், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு பாதசாரியின் காலுக்கு ஆபத்தும் வடிவத்துக்கு ஊறும் ஆகிவிட்டபடியால், அதைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு, பம்பரில் சிறு மூடி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த மூடியைத் திறந்தால், உள்ளே மோதல் விசையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு பற்றவைத்த மரைக்குழல் தெரியும். ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றின் கார்களில் இம்மரை இடமரையாக இருப்பதால், வழக்கம்போல் வலப்பக்கமாகத் திருகுபவர்கள், அளவு தவறிய கொக்கியைக் கொடுத்துவிட்டார்கள் என்று விற்பனையகத்தோடு சண்டைக்குப் போவதுண்டு. இடமரைக்குக் கூறப்படும் காரணம் சுவையானது: முறுக்கித் திரித்த கயிறு, பளு ஏறும்போது தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ள முயன்று நுனியைச் சுழற்றுகிறது, வலமுறுக்குக் கயிறாயின் அச்சுழற்சி வலமரையைக் கழற்றும் திசையிலும், இடமரையை இறுக்கும் திசையிலும் அமைகிறது. எனவே வலப்பக்கம் ஏறாத மரையை இடப்பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது விவேகம்.

பூவிதழ் வடிவில் குடைந்த எஃகுக் குப்பி திருடனுக்காகச் செய்தது. அலாய் சக்கரங்கள் விலையுயர்ந்தவை ஆதலின், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் சாதாரண ஸ்பானருக்கு அகப்படாத உருவத்தில் செய்து, அவ்வுருவத்தின் மறுவார்ப்பை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். அது தொலைந்தால் திருடனுக்கும் உரிமையாளருக்கும் உள்ள வேற்றுமை நீங்கிவிடுகிறது. அலுமினியத் தகட்டிலுள்ள எண் சாவியின் வெட்டைக் குறிக்கும் எண். சாவி தொலைந்தால் புதியது வெட்டுவதற்கு அது வேண்டும், ஆகவே அதைக் காருக்குள்ளேயே வைத்திருப்பது பூட்டில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். சாமணம் ஃபியூஸைப் பிடுங்குவதற்கோ, சக்கர போல்ட்டுகளின் பிளாஸ்டிக் தொப்பிகளைக் கழற்றுவதற்கோ உரியது; வாய் தட்டையாக இருந்தால் முன்னது, வளைந்து கொக்கியிட்டிருந்தால் பின்னது.

இருபுறமும் திறந்த பிளாஸ்டிக் கூடுகள் மேற்சொன்னவற்றைவிட நுட்பமான புதிர். அவற்றில் திருகாணிக்குத் துவாரம் இல்லை. ஆகவே நிரந்தரமாகப் பொருத்த உத்தேசித்தவை அல்ல. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே வண்டியில் ஒரே மாதிரியான இரண்டு இடங்கள் உண்டு. ஒரு புறம் அகன்று மறுபுறம் குறுகுகின்றன. ஆகவே ஏதோ ஒன்றைக் கண்ணால் காணாமலே உள்ளே வழிநடத்துவதற்கு உதவுபவை. குறுகிய புறத்தில் மெல்லிய கம்பி ஒன்றைக் கவ்வும் பிளவு இருக்கிறது. பின்னிருக்கையின் மெத்தைகளுக்கிடையே கையை நுழைத்துத் துழாவினால் 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பிகள் இரண்டு 280 மில்லிமீட்டர் இடைவெளியில் அகப்படும். குழந்தை இருக்கையைப் பிணைப்பதற்காக ஐஎஸ்ஓ 13216 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் விதித்த ஐசோஃபிக்ஸ் கம்பிகள் அவை. இந்தக் கூடுகள் அக்கம்பிகளைக் கவ்வி நின்று, குழந்தை இருக்கையின் கைகள் மெத்தையைக் கிழிக்காமல் நேரே சென்று பற்றுவதற்கு வழிசெய்கின்றன.

புனல் ஒன்று கிடைக்குமானால், அதற்கோ அரை நூற்றாண்டுக் கதையே உண்டு. ஃபோர்டு நிறுவனம் பெட்ரோல் வாய்க்குத் திருகுமூடியே இல்லாமல் சில கார்களை விற்றது. அவற்றில் இருக்கும் உட்கதவு, சரியான விட்டமுள்ள குழாய் நுழைந்து இரு தாழ்களையும் ஒருங்கே அழுத்தினாலன்றித் திறவாது. விட்டத்தைக்கொண்டு எரிபொருளை அடையாளம் காணும் இந்த உபாயம் 1970-களில் அமெரிக்காவில் தோன்றியது. கார்ப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியிலுள்ள பிளாட்டினத்தை, பெட்ரோலில் கலந்த ஈயம் செயலற்றதாக்கிவிடும் என்று தெரிந்தபின், ஈயமற்ற பெட்ரோலின் குழாய்முனை 0.84 அங்குலத்துக்கு மிகாமலும், ஈயப் பெட்ரோலின் முனை 0.93 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் விதித்து, புதிய கார்களின் வாயையும் அதற்கேற்பக் குறுக்கியது. தவறான பெட்ரோல் நிரப்ப முயல்பவருக்குக் குழாயே நுழையாது. நம் நாட்டில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் வந்து, 2000 பிப்ரவரியில் தேசமெங்கும் பரவியது. மூடியில்லா வாயின் தாழ்கள் அந்த விட்ட விதியின் சந்ததிகளே. ஆனால் வழியில் பெட்ரோல் தீர்ந்து, கேனில் வாங்கிவந்து ஊற்ற நேர்ந்தால், கேனின் மெல்லிய மூக்கு அத்தாழ்களைத் திறக்காது; ஆகையால் பங்கிலுள்ள குழாய்முனையின் விட்டத்துக்குச் சரியாகச் செய்த புனல் ஒன்றை ஸ்டெப்னியின் அருகே வைத்துக் கொடுத்தார்கள். பார்வைக்குச் சமையலறைப் புனல். உண்மையில் அது ஒரு திறவுகோல்.

இனி, அகற்றப்பட்டிருக்க வேண்டியவை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகும் கார்கள் நெடுந்தொலைவு லாரியிலும் ரயிலிலும் செல்கின்றன. கப்பல் ஏறிக் கடல் கடப்பவையும் பல. கப்பலின் தளத்தில் காரைப் பட்டையால் கட்டி இறுக்கும்போது, சுருள்வில்லின்மேல் அமர்ந்துள்ள உடல் அலைக்குத்தக்கபடி மேலுங்கீழும் அசைந்தால் கட்டு தளர்ந்துவிடும் ஆதலின், சில நிறுவனங்கள் சுருள்வில்லின் வளையங்களுக்கிடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகி, வில்லை வில்லாக இயங்கவிடாமல் தடுக்கின்றன. இவற்றைக் கழற்றவேண்டியது விற்பனையகத்தின் கடமை. கழற்ற மறந்தால் காரில் ஒன்றும் குறைவில்லை, ஒன்று அதிகம். ஆயினும் சிறு பள்ளத்திலும் முதுகெலும்பு அதிரும், புதுக் கார் இப்படித்தான் இருக்கும்போலும் என்று உரிமையாளர் எண்ணிக்கொள்வார். கழற்றியவர் கட்டையை அப்புறப்படுத்தாமல் டிக்கியில் போட்டுவிட்டாலோ, அதை உரிமையாளர் அரிய உபகரணமாகப் பாதுகாத்துவரும் விநோதமும் நிகழும். கட்டையின் இரு புறமும் உள்ள வளைந்த பள்ளங்கள் சுருள்வில்லின் கம்பிக் கனத்துக்குச் சரியாக இருப்பதைக் கவனித்தால் புதிர் அவிழும். தனித்துக் கிடக்கும் ஃபியூஸுக்கும் இதே வரலாறு இருக்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரும் கடிகாரம், எச்சரிக்கைச் சாதனம் முதலியவற்றுக்காகச் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் முற்றும் வடிந்துபோகும். அதனால் பயணத்தின்போது அம்மின்சுற்றின் ஃபியூஸைப் பிடுங்கிவைத்து, ஒப்படைக்கும்போது செருகும் வழக்கம் ஹோண்டா, டொயோட்டா போன்ற நிறுவனங்களில் உண்டு.

எஞ்சிய வகையே உண்மையான தலைவலி: எங்கோ பிணைந்திருக்க வேண்டிய உறுப்பு, பிணைப்பின்றிக் கையில் கிடக்கிறது. இங்கே நான்கு சாட்சிகளை விசாரிக்க வேண்டும்.

முதல் சாட்சி தேய்மானம். ஒரு போல்ட்டு எப்போதாவது இறுக்கப்பட்டிருந்தால் அதன் தலையடியில் பூச்சு உரசிப் பளபளப்பான வளையம் ஒன்று தோன்றியிருக்கும், மரையின் முகடுகளில் மினுக்கம் இருக்கும். தொழிற்சாலையில் இறுக்கத்தைச் சரிபார்த்தவர் வைத்த வண்ணக் கோடுகூடத் தலையில் மிஞ்சியிருக்கலாம். இவை இருந்தால் அது கழன்று விழுந்தது. இவை யாதும் இல்லாத கன்னி போல்ட்டாயின், ஒன்று அது உபரி, அல்லது முடுக்கவே மறந்தது. கழன்றதைக்காட்டிலும் மறந்தது கொடிது என்பேன். கழன்றதன் கூட்டாளிகளாவது இன்னும் இடத்தில் இருக்கக்கூடும், மறந்தவன் எத்தனையை மறந்தான் என்று யார் அறிவார்?

இரண்டாம் சாட்சி பொருளின் உடலிலேயே பொறித்த எழுத்து. போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால் அதன் எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசைவரை அறுபடாது தாங்கும் என்பதும், அதில் பத்தில் எட்டுப் பங்கான 640 வரை நிரந்தரமாக நீளாது என்பதும் பொருள்; 10.9 எனில் வலிமை அதனினும் மிகுதி. இத்தகைய எஃகை எவரும் கம்பளத்தைப் பிடித்துவைக்கச் செலவிடமாட்டார்கள். மில்லிமீட்டர் அளவில் செய்த காரில், அங்குல மரைகொண்ட போல்ட்டு ஒன்று, அதாவது 7/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரியும் உடையது கிடைத்தால், அது பெரும்பாலும் சீட் பெல்ட்டின் போல்ட்டே. உலகமெல்லாம் மெட்ரிக் முறைக்கு மாறியபின்னும் பாதுகாப்புப் பட்டையின் நங்கூரம் மட்டும் பழைய அங்குலத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் கார்கள் இன்றும் பல. அத்தகைய போல்ட்டு கையில் அகப்பட்டால், வண்டியை நகர்த்தாமல் விற்பனையகத்தை வரவழைப்பதே முறை.

பிளாஸ்டிக் உறுப்புகளும் பேசுகின்றன. இரு கோணக் குறிகளுக்கு இடையே அவற்றின் மூலப்பொருளைச் சுருக்கெழுத்தில் பொறிக்கவேண்டும் என்பது ஐஎஸ்ஓ 11469 விதி. மறுசுழற்சிக்காக ஏற்பட்ட அவ்விதி துப்பறிவோனுக்கும் உபகாரமாகிறது. பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். உள்ளலங்காரத் தகடுகளுக்கும் பம்பருக்கும் உரியது. பிஓஎம் என்றால் வழவழப்பும் வில்தன்மையும் கொண்ட அசெட்டல். வளைந்து நுழைந்து மீண்டும் நிமிரவேண்டிய கிளிப்புகளுக்கு உகந்தது. பிஏ66-ஜிஎஃப்30 என்றால் 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான். வெப்பத்துக்கும் பளுவுக்கும் ஈடுகொடுக்கும் அப்பண்டத்தை இருக்கையின் கீழே கண்டெடுத்தாலும், அதன் பிறப்பிடம் என்ஜின் அறைப்பக்கம் இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

இவற்றினும் ரசமான குறி, கடிகார முகம் போன்று 1 முதல் 12 வரை எண்கள் சூழ, நடுவில் ஆண்டும் ஓர் அம்பும் கொண்ட சிறு வட்டம். வார்ப்பு அச்சில் பதித்த அவ்வட்டம் உறுப்பு பிறந்த மாதத்தைக் காட்டுகிறது. பதிவுச் சான்றில் உங்கள் கார் மார்ச் மாதத்தில் உற்பத்தியானதாக இருந்து, காரின் ஓர் அலங்காரத் தகட்டில் அம்பு அதே ஆண்டின் ஜூன் மாதத்தைக் காட்டுமானால், அத்தகடு காரோடு பிறந்ததன்று. தொழிற்சாலையை விட்டபின் எவரோ பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியிருக்கிறார்கள், அந்த வேலையில்தான் கிளிப் ஒன்று சிதறியிருக்கக்கூடும். வழியில் அடிபட்ட காரைச் செப்பனிட்டுப் புதிதென்று விற்றார்களா என்று கேட்பதற்கு இதைக்காட்டிலும் வலுவான சாட்சியம் சாதாரண மனிதனுக்குக் கிடைப்பது அரிது.

மூன்றாவது, வடிவம். கிளிப்பின் கால்களை உற்றுநோக்கினால், நுழையும் பக்கம் சரிவு சாய்வாகவும், திரும்பும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். சாய்வின் காரணமாக விரலால் அழுத்தினாலே நுழைகிறது, செங்குத்தின் காரணமாக இழுத்தால் எளிதில் வராது. கால்களின் நீளம் தகட்டின் கனத்தையும், அவற்றின் பருமன் துவாரத்தின் விட்டத்தையும் அறிவிக்கின்றன. கால்களே இன்றி விளிம்பில் பள்ளம் மட்டும் உள்ள வட்டமான ரப்பர்த் துண்டாயின், அது அடைப்பான். காரின் வெற்றுடலைத் துருத்தடுப்பு வண்ணக் கரைசல் நிறைந்த தொட்டியில் அப்படியே முழுக்கி, மின்சாரத்தால் வண்ணத்தை இடுக்கெல்லாம் படியச் செய்வது தற்கால வழக்கம். முழுக்கிய உடலிலிருந்து கரைசல் வடிவதற்காக அடித்தளத்தில் விட்ட துவாரங்களைப் பின்னர் இவ்வடைப்பான்கள் மூடுகின்றன. ஒன்று விழுந்துவிட்டால் முதல் மழையில் கம்பளம் நனையும். உரிமையாளர் கண்ணாடியோரத்தில் ஒழுக்கைத் தேடி அலைவார்.

நான்காவது சாட்சி எண். ஒவ்வொரு நிறுவனமும் உறுப்பின் எண்ணிலேயே அதன் குலத்தைப் பொதிந்துவைக்கிறது. டொயோட்டாவின் பத்து இலக்கத்தில் முதல் ஐந்து உறுப்பின் ஜாதியைக் குறிக்கும்; 9 என்று தொடங்கினால் அது பல மாடல்களுக்கும் பொதுவான திருகு, வளையம், கிளிப் முதலியவற்றுள் ஒன்று. வோல்க்ஸ்வாகனின் எண்ணில் நடு மூன்றின் முதல் இலக்கம் 6 எனில் சக்கரமும் பிரேக்கும், 8 எனில் உடல், 9 எனில் மின்சாரம். மாருதி சுசுகி உறுப்பில் 09409 என்று தொடங்கக் கண்டால் கிளிப் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆயின் பொது உறுப்பின் எண் ஜாதியைச் சொல்லுமேயன்றி இடத்தைச் சொல்லாது; ஒரே கிளிப் அதே காரில் இருபது இடங்களில் இருக்கக்கூடும்.

மிஞ்சிய உறுப்பைத் தொழிற்சாலைகள் எவ்வாறு கருதுகின்றன என்பதற்கு ஜப்பானிய நிபுணர் ஷிகியோ ஷிங்கோ 1961-ல் யமதா எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செய்த சிறு சீர்திருத்தம் சிறந்த உதாரணம். அங்கே சுவிட்ச் ஒன்றில் இரண்டு ஸ்பிரிங்குகள் வைக்கவேண்டும். தொழிலாளர் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவர். மேலாளர் எச்சரித்தால் சில நாள் சரியாக நடந்து மீண்டும் பழையபடி ஆகும். ஷிங்கோ எவரையும் கடிந்துகொள்ளவில்லை. பெரிய பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவந்த முறையை மாற்றி, முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, பின்பு அத்தட்டிலிருந்து எடுத்துப் பொருத்தச் செய்தார். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் மறதி அந்தக் கணமே வெளிப்படும். பெட்டியில் ஆயிரம் கிடந்தபோது பொருளற்றிருந்த ஒரு ஸ்பிரிங், தட்டில் ஒன்றாகக் கிடந்தபோது செய்தியாயிற்று. பொக்கா-யோக்கே என்று உலகப் பிரசித்தி பெற்ற பிழைத்தடுப்பு முறைக்கு இதுவே தொடக்கம். இன்று கார்த் தொழிற்சாலைகளில் ஒரு வண்டிக்கு வேண்டிய உறுப்புகளை மட்டும் ஒரு பெட்டியில் அடுக்கி அவ்வண்டியோடு நகரச் செய்வதும் அதே தத்துவத்தின் விரிவே. இத்தகைய ஏற்பாடு உள்ள ஆலையிலிருந்து வந்த காரில் மிஞ்சிய போல்ட்டு கிடக்குமானால், அது ஆலையில் மிஞ்சியதாக இருப்பதைவிட, பின்னர் விற்பனையகத்தில் இசைப்பெட்டியோ கேமராவோ பொருத்தியவரின் கைங்கரியமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அற்பம் என்று தோன்றும் உறுப்பே உயிரைக் காக்கும் இடமும் உண்டு. ஓட்டுநரின் காலடி விரிப்பைத் தரையோடு பிணைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைப் பலரும் தொல்லையென்று கருதிக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கடையில் வாங்கிய வேறு விரிப்பை அவற்றின் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். 2009 ஆகஸ்டு 28-ஆம் தேதி, அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்துக்கு அருகே, விற்பனையகம் இரவலாகக் கொடுத்த, டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காத வேகமெடுத்து மோதி, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். வேறொரு மாடலுக்குரிய தடித்த ரப்பர் விரிப்பு, கொக்கியில் பிணைக்கப்படாமல் கிடந்து, முன்னே நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் மிதியைச் சிக்கவைத்ததே காரணம் என்று விசாரணை கண்டது. அடுத்த மாதமே டொயோட்டா 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களை, ஓட்டுநர் பக்கத்து விரிப்பை எடுத்துவிடும்படி எச்சரிக்க நேர்ந்தது. ஆகவே டிக்கியில் கிடக்கும் கொக்கி, விரிப்பின் துவாரத்துக்கு அளவாகத் தோன்றினால், அதை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள்.

எண்ணை நம்பலாம் என்று மேலே சொன்னேன். எண்ணே பொய் சொன்ன கதையையும் சொல்லிவிடவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரலே கோபால்ட் போன்ற சிறு கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி என்ஜின் அணைந்து, அதனால் காற்றுப் பைகளும் விரியாமல், பலர் உயிரிழந்தார்கள். 2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்த விபத்தொன்றின் வழக்கில் மாண்டவர் தரப்புக்காக ஆராய்ந்த மார்க் ஹூட் என்ற பொறியாளர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தும் காரணம் புலப்படாமல், அதே எண்ணுள்ள புதிய சுவிட்ச் ஒன்றைக் கடையில் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார். சாவியை அதன் நிலையில் பிடித்துவைக்கும் சிறு உலோகத் தண்டும் ஸ்பிரிங்கும் புதியதில் நீண்டிருந்தன, வேற்றுமை 1.6 மில்லிமீட்டர். பிழையை அறிந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 2006-ல் உறுப்பை மாற்ற அனுமதித்திருந்தார். உறுப்பின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஒரே எண்ணில் இரண்டு உறுப்புகள் உலவியதால், பழைய கார்கள் பழுதாகவும் புதிய கார்கள் நன்றாகவும் இருந்த மர்மத்தை ஆண்டுக்கணக்கில் எவராலும் விடுவிக்க இயலவில்லை. 2014-ல் தொடங்கிய திரும்பப் பெறும் அறிவிப்பு 26 லட்சம் கார்களை எட்டியது. நஷ்டஈட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்த மர்மத்தைத் துலக்கியது எந்த அதிநவீன சாதனமும் அன்று, ஒத்ததாகக் கருதப்பட்ட இரண்டை அருகருகே வைத்து அளந்து பார்த்த பொறுமையே.

அந்த உபாயம் வீட்டிலும் சாத்தியம். கார் ஏறத்தாழ இடமும் வலமும் ஒத்த உருவினது ஆதலின், ஐயத்துக்குரிய உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கக் கதவையும் தகட்டையும் இருக்கை அடியையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒருபுறம் இருந்து மறுபுறம் இல்லாதது பெரும்பாலும் கண்ணில் படும். அகப்படாவிடில், கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதி, அளவுகோலை அருகில் வைத்து உறுப்பைப் புகைப்படம் எடுத்து, அடுத்த சர்வீஸில் அதை எழுத்து மூலமான புகாராகவே பதிவுசெய்யுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால், அது ஒன்றுமில்லை சார் என்ற பதில்தான் வரும்.

புதுக் கார் வாங்கவிருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. வண்டியை ஒப்படைக்குமுன் விற்பனையகம் செய்யவேண்டிய பரிசோதனைக்கு, பிடிஐ என்று அவர்கள் சுருக்கமாக வழங்குவதற்கு, அச்சிட்ட பட்டியல் ஒன்று உண்டு. சுருள்வில் கட்டை அகற்றியாயிற்றா, பயண ஃபியூஸ் செருகியாயிற்றா, சக்கரப் பூட்டின் குப்பியும் சாவி எண் தகடும் கொடுத்தாயிற்றா என்பன போன்றவற்றுக்கெல்லாம் அதில் இடம் இருக்கும். கையொப்பமிட்ட அப்பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டத் தயங்குபவரிடம் சாவியைப் பெற்றுக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.